டார்கஸ் பிம்மும் நீலப்பட்டுச் சகோதரிகளும்

மார்லிங்தார்ப் மாளிகையில் கார்வெல் வம்சத்தாரின் முகங்களை யார் நன்றாக அறிவார் என்று கேட்டால் கார்வெல்கள் ஒருவரையும் கைகாட்ட முடியாது. டார்கஸ் பிம்மைத்தான் காட்ட வேண்டும். மாடி நீளக்கூடத்தில் மாட்டியிருந்த நாற்பத்து மூன்று படங்களுக்கும் முப்பத்தோரு வருடம் தூசி தட்டியவர் அவர். எந்தப் பிரபுவின் தாடைப் பருவை ஓவியர் கழுத்துப் பட்டியைத் தூக்கி மறைத்தார், எவருடைய நாய் அவர் மனைவியைவிட அழகாக வரையப்பட்டிருக்கிறது, எல்லாம் அவருக்கு அத்துபடி.

கார்வெல்களுக்கோ அந்தப் படங்கள் சுவரைப் போலத்தான். பிறந்ததிலிருந்து தலைக்கு மேலே இருப்பதை யார் ஏறெடுத்துப் பார்ப்பார்கள்? விருந்தாளி யாராவது கேட்டால், சட்டத்தின் அடியில் திருகியிருக்கும் பித்தளைத் தகட்டைப் படித்துச் சொல்வார்கள். பெயர், பிறப்பு, இறப்பு. அத்தோடு சரி.

முகம் பார்க்கும் நாளன்று மட்டும் கதை வேறு. அந்தக் குடும்பத்தில் எந்தக் குழந்தைக்கும் எட்டு வயது நிறைகிற அன்று உறவெல்லாம் நீளக்கூடத்தில் கூடும். குழந்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை படங்களுக்குக் கீழே மெதுவாக நடக்க வேண்டும். யாருடைய சாயல் என்று குடும்பத்தில் மூத்தவர் தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பு வந்ததும் எல்லாரும் கிண்ணம் உயர்த்துவார்கள். பச்சைத்தோல் புத்தகத்தில் குழந்தையின் படத்துக்குக் கீழே அந்த மூதாதையின் பெயர் ஏறும். அதோடு முடியுமா? முகம் கிடைத்தவனுக்குக் குணமும் ஒட்டிக்கொள்ளும். பையன் குதிரையை அடித்தால் "நாலாவது பிரபு அப்படித்தானே" என்பார்கள். பெண் பாடினால் "கொள்ளுப்பாட்டி கேதரின் குரல்" என்பார்கள். கேதரின் எப்படிப் பாடினாள் என்று யார் கேட்டார்கள்?

"நமக்கெல்லாம் இந்தத் தொல்லை இல்ல பாரு," என்பார் சமையல்கட்டில் பட்லர் ஹாப்டே. "எங்கப்பன் மூஞ்சியே எனக்கு ஞாபகம் இல்ல. நான் எப்படி வேணா இருந்துக்கலாம்."

"நீங்க இப்படி இருக்கறதுக்கு ஞாபகமே வெச்சிருந்திருக்கலாம்," என்பார் டார்கஸ்.

டார்கஸ் லிங்கன்ஷயரின் சதுப்பு வயல்களில் கூலி வேலை செய்தவரின் ஏழாவது மகள். பதினாறு வயதில், 1907ல், மூன்றாம் பணிப்பெண்ணாக மாளிகைக்கு வந்தார். வந்த முதல் வாரத்திலேயே மூத்த பணிப்பெண்ணிடம் கேட்டார்: "இந்த ரெண்டு அம்மாவுக்கும் ஏன் ஒரே கை?"

நியாயமான கேள்விதான். கிழக்குச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெண்கள். அதே நீலப்பட்டு, அதே தோள் திருப்பம், ஆரஞ்சுக் கிளையைத் தொடும் அதே வெள்ளை விரல்கள். முகம் மட்டும்தான் வேறு. ஒருத்திக்கு வட்ட முகம், தூக்கம் கலையாத கண். இன்னொருத்திக்குக் கூரான மோவாய், ஏதோ கேட்க வாயெடுத்தவள் போல உயர்ந்து நிற்கும் இடது புருவம். பெரிய ஓவியர் முகத்தை மட்டும் வரைந்துவிட்டுப் போய்விடுவார், பட்டாடையையும் கையையும் உதவியாட்கள் அச்சு வார்த்த மாதிரி முடிப்பார்கள் என்பது டார்கஸுக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்குக் கிடைத்த பதில்: "கையைப் பாக்காதே, வேலையைப் பாரு."

இருவரும் மூன்றாம் பிரபுவின் மகள்கள். லெட்டிஸ், அம்மை கண்ட கிராமத்துக்குள் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே அந்த நோயிலேயே செத்தவள், குடும்பத்தின் தெய்வம். ஆரபெல்லா, இரண்டு பிள்ளைகளையும் கட்டியவனையும் விட்டுவிட்டு, குடும்ப வெள்ளிப் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டு நடன வாத்தியாரோடு ஹாலந்துக்கு ஓடியவள். அவள் பெயரைச் சொல்லும்போது கார்வெல் பெண்கள் குரலைத் தாழ்த்துவார்கள்.

அந்த மே மாதம்தான் டார்கஸ் அந்தக் காரியத்தைச் செய்தார். பித்தளை துலக்கும் பசை பட்டால் சட்டத்தின் தங்கமுலாம் கறுத்துப்போகும். அதனால் வருடம் இரண்டு முறை தகடுகளைக் கழற்றித் துலக்கி மாட்டுவது அங்கே வழக்கம். ஒன்றைக் கழற்று, துலக்கு, மாட்டு, பிறகு அடுத்தது என்பது கட்டளை. அன்றைக்கு ஊரில் திருவிழா. சீக்கிரம் முடித்தால் அரைநாள் விடுப்பு. டார்கஸ் கிழக்குச் சுவரின் பதினொரு தகடுகளையும் ஒரே மூச்சில் கழற்றி, மேலாடையில் போட்டுக்கொண்டு, கீழே கொண்டுபோய்ப் பளபளவென்று துலக்கிக்கொண்டு வந்தார். ஒன்பதுக்கு இடம் தெரிந்தது. தாடி, கவசம், குழந்தை என்று அடையாளம் இருந்தது. கடைசியில் இரண்டு கையிலும் இரண்டு தகடுகளை வைத்துக்கொண்டு நீலப்பட்டுச் சகோதரிகளின் முன்னால் நின்றார்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் கட்டளையை மீறியது தெரிந்துவிடும். மறுநாளே ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். வட்ட முகத்தைப் பார்த்தார். சாதுவாகத் தெரிந்தது. இவள்தான் நல்லவளாக இருப்பாள் என்று லெட்டிஸை அங்கே திருகினார். உயர்ந்த புருவத்துக்குக் கீழே ஆரபெல்லாவைத் திருகினார். திருவிழாவுக்குப் போய் இஞ்சி ரொட்டியும் தின்றார்.

ஒரு வாரம் போயிற்று. யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மாதம் ஆயிற்று. அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது, இந்த வீட்டில் யாருமே படங்களைப் பார்ப்பதில்லை என்று. தப்பித்தோம் என்று நிம்மதி வந்தாலும் ஒரு குறுகுறுப்பு மட்டும் போகவே இல்லை. சரியாகத்தான் மாட்டினேனோ? தப்பாக மாட்டினேனோ? இருவரில் யார் யார்?

ஒன்பது வருடம் கழித்து அந்தக் குறுகுறுப்பு பயமாக மாறியது. வீட்டு மகள் பிலிப்பாவுக்கு எட்டு வயது நிறைந்தது. துறுதுறுவென்ற பெண். எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்று கேட்பாள், கேட்கும்போது இடது புருவம் மேலே போகும். முகம் பார்க்கும் நாளன்று தீர்ப்புச் சொன்னவர் அவள் தந்தையின் அக்கா, அகஸ்டா சீமாட்டி. அயர்லாந்தில் வாழ்க்கைப்பட்டு, கணவர் இறந்தபின் பிறந்த வீட்டுக்கே திரும்பியிருந்தவர். பிலிப்பா நீலப்பட்டுப் படங்களுக்குக் கீழே வந்ததும் அவர் கைத்தடியை உயர்த்தினார். தகட்டைப் படித்தார். குழந்தையைப் பார்த்தார்.

"கடவுளே," என்றார். "ஆரபெல்லா."

மூலையில் டார்கஸ் தட்டேந்தி நின்றுகொண்டிருந்தார். அவர் அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் கோழைத்தனம்தான். 'எனக்கே நிச்சயமாகத் தெரியாதே, நான் மாட்டினது சரியாகவும் இருக்கலாமே' என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து பிலிப்பா எது செய்தாலும் ஆரபெல்லா தலைதூக்குகிறாள் என்றார்கள். நடனம் கற்றுத்தரவில்லை. தனியாகத் தோட்டத்துக்கு விடவில்லை. கடிதங்களைப் பிரித்துப் படித்தார்கள். குழந்தை "ஏன்?" கேட்பதை நிறுத்திக்கொண்டாள். இருபத்திரண்டு வயதில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் ஒருவரோடு கிளம்பிப் போனாள். "சொன்னோமில்ல?" என்றது குடும்பம். அவள் படங்களை எல்லா ஆல்பத்திலிருந்தும் கழற்றினார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் பெயரே எழவில்லை.

டார்கஸ் மேலே மேலே போனார். கல்யாணம் ஆகாமலே 'மிசஸ் பிம்' ஆனார். வீட்டு நிர்வாகிக்கு அந்தப் பட்டம் சாவிக்கொத்தோடு வருவது. கிடைத்த ஓய்வில் எல்லாம் துப்புத் துலக்கினார். படங்களின் முதுகைப் பார்த்தார். பழைய எழுத்து எதுவும் தெரியாதபடி அங்கே புதுத்துணி ஒட்டியிருந்தது. பழைய பட்டியலைப் புரட்டினார். 'இரு சகோதரிகள், நீலம்' என்று மட்டும் இருந்தது. மூத்த பணிப்பெண் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தார். பாதிரியாரிடம்கூட நாசூக்காகக் கேட்டுப் பார்த்தார். அவர் ஆரபெல்லா பேரைக் கேட்டதும் பேச்சை வானிலைக்குத் திருப்பிவிட்டார்.

1938 ஏப்ரலில் விஷயம் கழுத்துக்கு வந்தது. பிலிப்பாவின் அண்ணன் எவரார்டுதான் இப்போது பிரபு. அவருடைய மகள் லவீனியாவுக்குச் சனிக்கிழமை எட்டு வயது நிறைகிறது. பிலிப்பா வீட்டை விட்டுப் போன வருடம் பிறந்தவள். அத்தை என்று ஒருத்தி இருப்பதே தெரியாதவள். ஆனால் "ஏன்?" கேட்கும்போது அவளுக்கும் இடது புருவம் மேலே போனது. தாயார் இப்போதே சீப்பை வைத்துக்கொண்டு அந்தப் புருவத்தைத் தடவிக் கீழே இறக்கப் பார்த்தார். இன்னொரு குழந்தையையும் அதே படத்துக்குக் கீழே நிறுத்தப் போகிறார்கள் என்று நினைக்கும்போதே டார்கஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அகஸ்டா சீமாட்டி பச்சைத்தோல் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அதை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை. எழுபத்தொன்பது வயதில் கை நடுங்குவதால் வேறு வழியில்லாமல் போயிற்று.

"குழந்தை போட்டோவை ஒட்டிக் கொண்டா பிம். பசை வழிஞ்சா உன் தோலை உரிச்சிடுவேன்."

டார்கஸ் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். ஒட்ட வேண்டிய பக்கத்துக்குப் போகாமல் பின்னோக்கிப் புரட்டினார். அவர் குணம் அப்படி. 1867 என்ற பக்கத்தில் கை நின்றது. மங்கிய பழுப்புப் படம். கட்டம் போட்ட கவுனில் ஒரு சிறுமி. கூரான மோவாய். இடது புருவம் உயர்ந்து, புகைப்படக்காரரிடமே ஏதோ கேட்கப் போகிறவள் போல நின்றாள். கீழே அந்தக் காலத்துக் கையெழுத்தில்: அகஸ்டா. அதற்கும் கீழே: லெட்டிஸ்.

டார்கஸ் தகட்டில் கை வைப்பதற்கு நாற்பது வருடம் முன்பு, தகடுகள் சரியாக இருந்த காலம் அது. அப்படியானால் புருவம் உயர்ந்தவள்தான் லெட்டிஸ். டார்கஸ் தப்பாகத்தான் மாட்டியிருக்கிறார். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. 1916ல் சீமாட்டி கைத்தடியை உயர்த்தி 'ஆரபெல்லா' என்றாரே, அவர் பார்த்தது தன்னுடைய சொந்த முகத்தை! வயதாகிக் கன்னம் சரிந்து, புருவமும் உதிர்ந்துபோன பிறகு அவருக்கே அது அடையாளம் தெரியவில்லை.

லவீனியாவின் படத்தை ஒட்டிவிட்டு, புத்தகத்தோடு காலைநேர அறைக்குப் போனார். சீமாட்டி தனியாகச் சீட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒட்டியாச்சா?"

"ஒட்டியாச்சும்மா. ஒரு சந்தேகம்."

"உனக்குச் சந்தேகம் இல்லாத நாள் ஏது? கேட்டுத் தொலை."

"என்கூட மாடிக்கு வரணும்மா."

"என் முழங்கால் உன் பேச்சைக் கேக்காது."

"நாளைக்கு ஏறத்தானேம்மா போறீங்க? இன்னிக்கு ஒரு ஒத்திகைன்னு வெச்சுக்கங்க."

முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நீலப்பட்டுச் சகோதரிகளின் முன்னால் நிறுத்தியதும் வழக்கப்படி முதலில் தகட்டைப் படித்தார்.

"இந்தக் கழிசடையைப் பாக்கறதுக்கா நாப்பது படி ஏறினேன்?"

"தகட்டைப் பாக்காதீங்கம்மா. முகத்தைப் பாருங்க." டார்கஸ் தன் உள்ளங்கையால் தகட்டை மூடினார். இன்னொரு கையால் புத்தகத்தை விரித்துப் படத்துக்கு நேரே பிடித்தார்.

சீமாட்டி புத்தகத்திலிருந்த சிறுமியைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி சிறுமியைப் பார்த்தார்.

"இது நானில்ல?" என்றார்.

"நீங்கதான்மா."

"அப்ப இது...?"

"இதுதான் லெட்டிஸ். தகட்டை மாத்தித் திருகினது நான். வேலைக்கு வந்த வருஷம். திருவிழாவுக்குப் போற அவசரத்துல." சொல்லி முடித்ததும் டார்கஸ் தன் இடுப்புச் சாவிக்கொத்தைக் கழற்றி ஜன்னல் மேடையில் வைத்தார். எப்படியும் அதைத் திருப்பிக் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"முப்பத்தோரு வருஷம் வாயைத் தச்சுக்கிட்டிருந்தியா?"

"பயந்தான்மா. வேலை போயிடும்னு பயம். அதோட எது சரின்னு எனக்கே தெரியாது. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

சீமாட்டியின் மூச்சு வேகமாக வந்தது. ஆனால் கார்வெல்களுக்குச் சங்கடம் வந்தால் அதை மூடுவதில் தனிக் கெட்டிக்காரத்தனம் உண்டு. ஒரு நிமிடத்தில் நிமிர்ந்துவிட்டார். "திருகாணிக் கருவியைக் கொண்டா. இப்பவே மாத்து. நாளைக்குக் குழந்தை லெட்டிஸ் ஆயிடுவா. காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சிடும். ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்."

டார்கஸ் வேண்டி வந்தது இதைத்தான். லவீனியா தப்பித்துவிடுவாள். ஒருவேளை வேலையும் தப்பும். 'சரிம்மா' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

"பிலிப்பாம்மா?" என்றார்.

எட்டு வருடமாக யாரும் உச்சரிக்காத பெயர். சீமாட்டி முகம் சுளித்தார். "அவளுக்கென்ன? அவ போயிட்டா."

"முகம் பார்த்த நாளுக்கு அப்புறம் ஒரு வருஷம், தினம் காலையில விடிஞ்சும் விடியாம அந்தக் குழந்தை கீழ பாத்திர அறைக்கு வரும்மா. வெறுங்காலோட. வெள்ளி ஸ்பூனையெல்லாம் எடுத்துவெச்சு எண்ணும். ஏன் பாப்பான்னு கேட்டேன். 'நேத்து தூக்கத்துல நான் ஏதாவது திருடிட்டேனான்னு பாக்கறேன் டார்கஸ்'னுச்சு."

சீமாட்டி கைத்தடியைச் சுவரில் சாய்த்தார்.

"எட்டு வயசும்மா. நான் பக்கத்துல உக்காந்து கூட எண்ணினேன். சொல்லியிருக்கணும். சொல்லாம, கூட உக்காந்து எண்ணினேன்." டார்கஸ் அழுதுவிட்டார்.

வெகுநேரம் சீமாட்டி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் மேடையில் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ போ," என்றார். அவ்வளவுதான். தகட்டை மாற்று என்று மறுபடி சொல்லவில்லை. சாவியை எடுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு உறவெல்லாம் கூடியது. மேல்தட்டு வேலைக்காரர்கள் கதவோரம் நிற்பது வழக்கம். தான் இன்னும் வேலையில் இருக்கிறோமா என்று தெரியாமலே டார்கஸ் ஹாப்டேயின் பக்கத்தில் நின்றார். "சாவி எங்க?" என்று காதைக் கடித்தார் ஹாப்டே. "வாயை மூடுங்க," என்றார் டார்கஸ்.

லவீனியா வெள்ளைக் கவுனில் மெதுவாக நடந்து வந்தாள். தாடிகளைத் தாண்டினாள், கவசங்களைத் தாண்டினாள். நீலப்பட்டுச் சகோதரிகளின் கீழே வந்ததும் தானாகவே நின்று அண்ணாந்து பார்த்தாள். புருவம் மேலே போனது.

கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் தகட்டைக் குனிந்து படித்துவிட்டு மெல்ல விசிலடித்தார். தாயார் கைக்குட்டையைக் கசக்கினார்.

அகஸ்டா சீமாட்டி கைத்தடியால் தரையைத் தட்டினார். "யாரும் பேசாதீங்க. இந்த ரெண்டு தகடும் முப்பத்தோரு வருஷமா இடம் மாறியிருக்கு. இது லெட்டிஸ்."

"மாறியிருக்கா? யார் மாத்தினது?" என்றார் எவரார்டு.

"அது எனக்கும் அவங்களுக்கும் இருக்கிற விஷயம். மாறினது தெரியாம அதுக்குக் கீழேயே நடந்துட்டிருந்தது நாமதான். முக்கியமா நான்."

சித்தப்பாவுக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. "எனக்கு அப்பவே தெரியும்! அந்தப் புருவத்துல ஒரு கருணை இருக்குன்னு சொல்லிட்டே இருந்தேனே!" என்று கிண்ணத்தை உயர்த்தினார். "லெட்டிஸ்!"

"கீழ வை அதை. லெட்டிஸைப் பாத்தவங்க யாரு இங்க?" என்றார் சீமாட்டி. பச்சைத்தோல் புத்தகத்தை மடியில் விரித்து, நடுங்கும் கையால் பேனாவைப் பிடித்து, லவீனியாவின் படத்துக்குக் கீழே எழுதினார். எழுதி முடிக்க நேரமாயிற்று. பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். "பிலிப்பா. இந்தக் குழந்தைக்குப் பிலிப்பாவோட முகம்."

யாரும் கிண்ணத்தைத் தொடவில்லை. லவீனியா சுவரில் ஒவ்வொரு படமாகத் தேடிப் பார்த்தாள்.

"பிலிப்பா யாரு அப்பா? அவங்க படம் எது?"

எவரார்டு தொண்டையைச் செருமினார். "படம் இல்லம்மா. என் தங்கச்சி."

"தங்கச்சியா? செத்துட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப ஏன் வரல? எங்க இருக்காங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கூடத்தில் இருந்த கார்வெல்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. எட்டு வருடமாகக் கிறிஸ்துமஸ் தவறாமல் ஒரு முகவரிக்கு வாழ்த்து அட்டை போட்டுக்கொண்டிருந்தவர் கதவோரத்திலிருந்து ஓர் அடி முன்னால் வந்தார்.

"கிரிம்ஸ்பியில இருக்காங்க பாப்பா," என்றார் டார்கஸ் பிம். "வண்டியில போனா ஒண்ணரை மணி நேரம்."